தரை மட்டமாகிவிட்டது, ஈரம் போய்விட்டதா?

ஒட்டி ஏழெட்டு மாதமே ஆன வினைல் தரை ஒன்றை மூலையிலிருந்து உரித்துப் பார்த்திருக்கிறேன். கத்தி தேவைப்படவில்லை. நகத்தை நுழைத்துத் தூக்கியதும் தானாக வந்துவிட்டது. பசை இறுகிக் கிடக்க வேண்டிய இடத்தில் கொளகொளவென்று வெள்ளைக் கூழ், மூக்கைக் குத்தும் புளித்த நெடி. அந்தக் கூழைத் துடைத்துப் பார்த்தால், அடியில், தரையை மட்டமாக்குவதற்காக ஊற்றும் கலவையான லெவலிங் காம்பவுண்ட் ஒரு கீறல் இல்லாமல் வழவழவென்று மட்டமாக இருந்தது. அதைப் போட்டவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "லெவலிங் போட்டாச்சே, அப்புறம் எப்படி ஈரம் வந்தது?"

லெவலிங் காம்பவுண்ட் மேடுபள்ளத்தைச் சரிசெய்யும். ஈரத்தைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு வேலைகள், அவற்றுக்கான பொருள்களும் வேறு. இதைப் புரிந்துகொண்டால் தரை வேலையில் நடக்கும் தவறுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம். முதன்முறையாகத் தரை போடப் போகிறவர்களுக்காக, இந்த இரண்டு வேலைகளும் எப்படி நடக்கின்றன, எது முதலில், எது பிறகு என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் கண்ணுக்குத் தெரிவது மேல்தரை: வினைல், லேமினேட், மரப்பலகை, கார்ப்பெட், டைல்ஸ், எதுவாகவும் இருக்கலாம். அதைத் தாங்குவது அடித்தரை. பெரும்பாலும் அது கான்கிரீட் தளம், அல்லது கான்கிரீட்டின் மேல் போட்ட சிமெண்ட் பூச்சு. மேல்தரை மெல்லியதாக ஆக ஆக, அடித்தரையின் குறைகள் அப்படியே மேலே தெரியும். 2 மி.மீ. கனமுள்ள வினைலுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினால்கூட, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அது கொப்புளம் மாதிரி நிற்கும். அதனால்தான் லெவலிங் தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 350 கிலோ சிமெண்டும் 180 லிட்டர் தண்ணீரும் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் 100 மி.மீ. கனம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 35 கிலோ சிமெண்ட், 18 லிட்டர் தண்ணீர். சிமெண்ட் இறுகும்போது தன் எடையில் கால் பங்கு அளவுக்குத்தான் தண்ணீரை வேதிமுறையில் பிடித்துக்கொள்கிறது. அதாவது 9 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 9 லிட்டர், கலவை வழுக்கிக்கொண்டு ஓடிப் பரவுவதற்காகச் சேர்த்த தண்ணீர். 12 சதுர மீட்டர் அறைக்கு இது 100 லிட்டரைத் தாண்டும். ஒரு பங்கு நுண்துளைகளில் எப்போதும் தங்கிவிடும். மற்றதெல்லாம் ஆவியாகி மேலே வந்துதான் வெளியேற வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? பிரிட்டனில் நெடுங்காலமாகப் பின்பற்றும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: முதல் 50 மி.மீ. கனத்துக்கு, ஒரு மி.மீட்டருக்கு ஒரு நாள். அதற்கு மேலுள்ள கனத்துக்கு வேகம் பாதியாகக் குறையும். 100 மி.மீ. தளம் என்றால் 50 நாள், அப்புறம் இன்னொரு 100 நாள், ஆக மொத்தம் ஐந்து மாதம். அதுவும் காற்றோட்டம் நன்றாக இருந்து, கூரை மூடி, மறுபடி மழையில் நனையாமல் இருந்தால்தான். இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தளம் இன்னும் மெதுவாகக் காயும், ஏனென்றால் மேல்துளைகள் அடைபட்டுவிடுகின்றன.

"28 நாள் ஆச்சு, கான்கிரீட் செட் ஆகிடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்த 28 நாள் கான்கிரீட்டின் வலிமையை அளப்பதற்கான கணக்கு. காய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வலிமை கூடுவதற்குக் கான்கிரீட்டை நனைத்து வைக்கிறோம், மேல்தரை போடுவதற்குக் காயவைக்கிறோம். ஒன்றின் கணக்கை மற்றதற்குப் பயன்படுத்த முடியாது.

கலவைத் தண்ணீர் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. மண்ணின் மேல் நேரடியாக நிற்கும் தளத்தில், அடியில் பாலிதீன் விரிப்பு இல்லாவிட்டாலோ கிழிந்திருந்தாலோ, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் கான்கிரீட் மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம். இந்த ஈரத்துக்கு முடிவே இல்லை, எத்தனை மாதம் காத்திருந்தாலும் காயாது. அடுத்தது குழாய்க் கசிவு. அறை முழுக்க உலர்ந்திருக்க, ஒரே ஒரு இடம் மட்டும் கருத்துக்கொண்டே போனால் முதலில் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். சுவரோரமாக வெள்ளை உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த தரையின் மேல் ஈரக்காற்று பட்டு வியர்ப்பதும் உண்டு. இது தரைக்குள்ளிருந்து வரும் ஈரமில்லை, அறையின் காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போய்விடும்.

காய்ந்த தரை மூடியதும் ஏன் நனைகிறது

பலரும் ஏமாறுவது இங்கேதான். "தரையைத் தொட்டுப் பார்த்தேன், வறண்டுதான் இருந்தது. மேலே வினைல் ஒட்டிய பிறகுதான் ஈரம் வந்தது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

திறந்து கிடக்கும் தளத்தில் மேற்பரப்பு காற்றில் காய்ந்துகொண்டே இருக்கிறது. கீழிருந்து ஈரம் மெதுவாக வருகிறது, வந்ததும் ஆவியாகிவிடுகிறது. அதனால் மேல்பகுதி எப்போதும் வறண்டு தெரியும், அடியிலோ ஈரம் நிறைய இருக்கும். இப்போது அதன் மேல் ஈரம் புகாத வினைலை ஒட்டுகிறோம். ஆவியாகும் வழி அடைபட்டுவிட்டது. அடியில் இருந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தளம் முழுக்க ஒரே அளவாகப் பரவிவிடும். அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்துப் பாருங்கள். வைக்கும்போது தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருக்கும். மறுநாள் பையைத் திறந்தால் முழுத்துணியும் நமத்துப்போய் வாடை அடிக்கும். அதே கதைதான் இங்கும்.

மேலே ஏறி வருவது வெறும் தண்ணீராக இருந்தால்கூட ஓரளவு பரவாயில்லை. கான்கிரீட்டின் துளைகளில் இருக்கும் நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 12-க்கு மேல். எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் அல்லவா, அதே மாதிரியான வினை தரை ஒட்டும் பசைகள் பலவற்றிலும் நடக்கும். நான் முதலில் சொன்ன வெள்ளைக் கூழ் அப்படி உருவானதுதான். மரத்தரையில் வேறு விதமாகக் காட்டும்: பலகையின் அடிப்பக்கம் ஊறி உப்ப, ஓரங்கள் இரண்டும் மேலே எழும்பிக் குழிந்துகொள்ளும். லேமினேட் என்றால் இணைப்புகள் வீங்கும். கார்ப்பெட் என்றால் பூஞ்சை.

அளந்து பார்ப்பது

கையால் தொட்டுச் சொல்ல முடியாது என்றால் அளக்கத்தான் வேண்டும். எளிமையான வழி பிளாஸ்டிக் சோதனை. சுமார் 450 மி.மீ. சதுரத்தில் தெளிவான பாலிதீன் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்தால், உள்பக்கம் நீர்த்திவலைகள் இருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எதுவும் தெரியவில்லை என்பதால் தரை காய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆழத்தில் உள்ள ஈரம் ஒரே இரவில் மேலே வந்துவிடாது. இந்தச் சோதனை ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும், உலர்வுக்குச் சாட்சி சொல்லாது.

கையில் பிடிக்கும் மின்சார ஈரமானியும் அப்படித்தான். அது காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது, ஆனால் அறையில் எந்த இடம் அதிக ஈரம் என்று தேடுவதற்கு மிக நல்ல கருவி. அதிக ஈரமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே சரியான சோதனையைச் செய்யலாம்.

சரியான சோதனை என்று நான் சொல்வது, தளத்தில் துளையிட்டு உள்ளே இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை, அதாவது அந்தக் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதை அளப்பது. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் எஃப் 2170 இதை விவரிக்கிறது. மேல்பக்கம் மட்டும் காயும் தளம் என்றால், கனத்தில் 40 சதவீத ஆழம் வரை துளையிட வேண்டும். 100 மி.மீ. தளத்தில் 40 மி.மீ. துளையைச் சுத்தம் செய்து, உறை ஒன்றை நுழைத்து மூடி, 24 மணி நேரம் விட்டுவிட்டு உணர்கருவியால் அளக்கிறார்கள். அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது? தளத்தை மூடிய பிறகு ஈரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்று பார்த்தோமே, அப்படிப் பரவி நிலைக்கும் அளவை இந்த ஆழத்தில் இப்போதே ஏறக்குறையப் பார்த்துவிட முடியும். வினைல் ஒட்டிய பிறகு பசை சந்திக்கப் போகும் ஈரத்தை ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்கிறோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

வேறு இரண்டு முறைகளையும் கேள்விப்படுவீர்கள். கால்சியம் குளோரைடு உப்பை ஒரு சிறு தட்டில் எடைபோட்டு வைத்து, மேலே மூடி கவிழ்த்து, 60 முதல் 72 மணி நேரத்துக்குப் பிறகு எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. இது மேற்பரப்புக்கு அருகில் உள்ள ஈரத்தை மட்டுமே சொல்லும். ஜெர்மனியில் பரவலாக இருப்பது கார்பைடு முறை: தளத்திலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து, பொடித்து, கால்சியம் கார்பைடோடு எஃகுக் குடுவைக்குள் இட்டுக் குலுக்குவார்கள். ஈரம் கார்பைடோடு சேர்ந்து அசெட்டிலின் வாயுவாகும். குடுவையில் ஏறும் அழுத்தம் ஈரத்தின் அளவைச் சொல்லிவிடும்.

எந்த அளவு இருந்தால் வேலையைத் தொடங்கலாம்? பிரிட்டனில் வினைல் போன்ற தரைகளுக்கு 75 சதவீத ஒப்பு ஈரப்பதம், மரத்தரைக்கு 65 சதவீதம் என்பது வழக்கமான எல்லை. கார்பைடு முறையில் சிமெண்ட் பூச்சுக்கு 2 சதவீதம், ஜிப்சம் பூச்சுக்கு 0.5 சதவீதம். பசைகளில் சில இதைவிட அதிக ஈரத்தையும் தாங்கும். ஆகவே உங்கள் பசையும் தரையும் எந்த எல்லையைச் சொல்கின்றனவோ, அவற்றில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தாங்கும் வேறு, தடுக்கும் வேறு

அளவு எல்லையைத் தாண்டிவிட்டது. என்ன செய்வது? கசிவு என்றால் குழாயைச் சரிசெய்து, காயவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். புதுக் கான்கிரீட்டின் தண்ணீர் என்றால் காத்திருப்பதுதான் மிக மலிவான மருந்து. ஜன்னலைத் திறந்து வைப்பதோ, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைப்பதோ உதவும். காத்திருக்க முடியாது, அல்லது மண்ணிலிருந்து வரும் ஓதம் என்றால், அதற்கு மேலே ஒரு தடுப்புப் பூச்சு வேண்டும்.

கடையில் மூட்டைகளைப் பார்க்கும்போது ஒரு சொல்லில் கவனம் வையுங்கள். சில லெவலிங் காம்பவுண்டுகளில் 'ஈரம் தாங்கும்' என்று எழுதியிருக்கும். ஈரமான அடித்தரையின் மேல் போட்டாலும் அந்தக் கலவை கெட்டுப்போகாது, பிடிப்பு விடாது என்பதுதான் இதற்குப் பொருள். ஈரம் அதன் வழியாக மேலே போகாது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அந்த மூட்டையின் வேறு ஒரு மூலையில், மேலே தடுப்புப் பூச்சு தேவை என்று சிறிய எழுத்தில் இருக்கும். தாங்குவது தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. தடுப்பது மேலே இருப்பதைக் காப்பாற்றுவது.

தடுப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவது எபாக்ஸி. பிசினும் இறுக்கியும் தனித்தனி டப்பாக்களில் வரும், சொன்ன விகிதத்தில் முழுதாகக் கலக்க வேண்டும். முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்ததும் இரண்டாவது கோட் அதற்குக் குறுக்குத் திசையில். ஒரு குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் ஈரம் அங்கே வந்து சேரும் என்பதால்தான் இந்தக் குறுக்குக் கோட். சாய்வான வெளிச்சத்தில் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் விட்டுப்போன இடங்கள் பளபளப்பில்லாமல் தெரியும். சுவரோரம் வரை விடாமல் பூச வேண்டும், கட்டடத்தின் சுவரில் ஓதத்தடுப்பு இருந்தால் அதோடு இணைய வேண்டும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நீடிக்கக்கூடும்.

காய்ந்த எபாக்ஸி கண்ணாடி மாதிரி, அதன் மேல் எதுவும் பிடிக்காது. எனவே இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே மேலே உலர்ந்த மணலை நன்றாகத் தூவி, காய்ந்த பின் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்துவிடுவார்கள். கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பின் மேல்தான் லெவலிங் காம்பவுண்ட் உட்காரும். வரிசை இதுதான்: தேய்த்துச் சுத்தம் செய்த அடித்தரை, தடுப்புப் பூச்சு, அதன் மேல் லெவலிங், கடைசியில் பசையும் மேல்தரையும். அடித்தரை மிகவும் கரடுமுரடாக இருந்து பூச்சு ஒழுங்காகப் பரவாது என்றால் மட்டும், ஈரம் தாங்கும் கலவையால் முதலில் ஒரு மெல்லிய அடுக்குப் போட்டு, அதன் மேல் தடுப்புப் பூச்சு, அதன் மேல் மறுபடி லெவலிங் என்று போவார்கள்.

நிலத்தடி அறையில் தண்ணீர் அழுத்தத்தோடு பொங்கி வருகிறது என்றால் இதெல்லாம் போதாது. அது கட்டட நீர்க்காப்பு நிபுணரின் வேலை. மேலே பூசிய எதையும் அந்த அழுத்தம் தூக்கி எறிந்துவிடும்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது

லெவலிங் காம்பவுண்ட் என்பது வெறும் சிமெண்டும் மணலும் இல்லை. சாதாரணச் சிமெண்ட், அலுமினாச் சிமெண்ட், கொஞ்சம் ஜிப்சம், மிக நுண்ணிய மணல், பாலிமர் பொடி, கலவையை எண்ணெய் போல ஓடவைக்கும் வேதிப்பொருள்கள் என்று பல சேர்ந்தது. அலுமினாச் சிமெண்டும் ஜிப்சமும் தண்ணீரோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகங்களை உருவாக்குகின்றன. இந்தப் படிகத்தின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு தண்ணீர்தான். கலவைத் தண்ணீரைப் படிகமே விழுங்கிவிடுவதால், நாலைந்து மணி நேரத்தில் நடக்கிற அளவுக்கு இறுகி, மறுநாளே காய்ந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்கு மாதக்கணக்கு, இதற்கு மணிக்கணக்கு. வித்தியாசம் அந்தப் படிகத்தில் இருக்கிறது.

இந்தக் கலவையில் என்ன சேர்க்கிறோம் என்பது ஈரத்தோடு எப்படி மோதும் என்பதற்குச் சுவீடன் ஒரு பாடம். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் அங்கே புழங்கிய லெவலிங் கலவைகளில் நன்றாக ஓடுவதற்காகப் பாலில் உள்ள கேசின் புரதத்தைச் சேர்த்தார்கள். ஈரமான கான்கிரீட்டின் காரம் அந்தப் புரதத்தைச் சிதைத்தது. அம்மோனியா வெளிவந்தது, வீடுகளில் துர்நாற்றம், ஓக் மரத்தரைகள் நிறம் மாறிக் கருத்தன. பிறகு அந்தப் புரதத்தைக் கைவிட்டார்கள். அங்கேயும் தரை மட்டமாகத்தான் இருந்தது, ஈரத்தைத்தான் யாரும் நிறுத்தவில்லை.

மேற்பரப்பைத் தயார் செய்தல்

லெவலிங் வேலையில் தோல்வி வருவது ஊற்றும்போது அல்ல, ஊற்றுவதற்கு முன்பு. கான்கிரீட் இறுகும்போது மேலே சிமெண்ட் பால் மிதந்து வந்து ஒரு பலவீனமான பொருக்காகக் காய்ந்திருக்கும். சாவியால் கீறினால் பொடி உதிரும். அதன் மேல் எவ்வளவு நல்ல கலவையை ஊற்றினாலும், கலவை பொருக்கைப் பிடித்துக்கொள்ளும், பொருக்கு தரையை விட்டுவிடும். எனவே தேய்ப்பு இயந்திரத்தால் அதை எடுத்துவிட வேண்டும். தூசியை உறிஞ்சும் இயந்திரத்தை இணைத்துக்கொண்டு, நல்ல முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். பெயிண்ட், எண்ணெய், மெழுகு, பழைய பசை எல்லாம் போக வேண்டும். பழைய கட்டடங்களின் வினைல் டைல்ஸிலும் கறுப்புத் தார்ப்பசையிலும் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கரண்டி தண்ணீரைத் தரையில் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சினால் துளையுள்ள தரை. முத்து மாதிரி நின்றால் அடைபட்ட தரை. கலவையை ஊற்றுவதற்கு முன் தரையில் பூசும் அடிப்பூச்சான பிரைமரை இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையுள்ள தரையில் பிரைமர் இல்லாமல் கலவையை ஊற்றினால், தரை தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும், துளைகளில் இருந்த காற்று மேலே கிளம்பி வரும். ஊற்றிய பத்து நிமிடத்தில் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து உடைந்து, ஒவ்வொன்றும் ஒரு குழியை விட்டுப்போகும். அடைபட்ட தரைக்கு மணல் கலந்த பிடிப்புப் பிரைமர் வேண்டும். ஜிப்சம் பூச்சின் மேல் சிமெண்ட் கலவை போடுவதானால் நடுவில் பிரைமர் மூடாக்கு கட்டாயம். இல்லையென்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில், நாம் மேலே பார்த்த அதே எட்ரிங்கைட் படிகம் தவறான நேரத்தில் வளர்ந்து, மேலடுக்கைப் பெயர்த்துவிடும்.

அசையாத விரிசலை எபாக்ஸியால் அடைக்கலாம். கட்டடம் விரிந்து சுருங்குவதற்காக விட்டிருக்கும் இடைவெளியை ஒருநாளும் மூடாதீர்கள், லெவலிங்கிலும் அதே இடத்தில் இடைவெளி விட வேண்டும். பலகை அடித்தரை என்றால் தளர்ந்த பலகைகளைத் திருகாணியால் இறுக்கி, அதன் மேல் ஒட்டுப்பலகை அடித்து, நார் கலந்த கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மட்டம் என்றால் என்ன

தரை வேலையில் இரண்டு விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன. ஒன்று, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்பது. மற்றது, மேடுபள்ளம் இல்லாமல் இருப்பது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த தரையும் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கலாம். மேல்தரைக்கு முக்கியம் இரண்டாவதுதான். 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். பிரிட்டனில் மிகக் கண்டிப்பான தரத்துக்கு 3 மி.மீ., சாதாரண வேலைக்கு 5 மி.மீ. வரை ஒப்புக்கொள்கிறார்கள். சட்டத்தை எல்லாத் திசையிலும் நகர்த்தி, மேட்டையும் பள்ளத்தையும் சாக்பீஸால் தரையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மேடு இருந்தால் அதைத் தேய்த்து இறக்குவது, அறை முழுவதையும் அதன் உயரத்துக்குத் தூக்குவதைவிட எவ்வளவோ மேல்.

எவ்வளவு வாங்குவது? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 1.7 கிலோ பொடி. 12 சதுர மீட்டர் அறையில் சராசரி 4 மி.மீ. என்றால் சுமார் 82 கிலோ, 25 கிலோ மூட்டையில் நான்கு. ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி அறையில் கலவை தீர்ந்தால் மீதியை நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது, நடுவில் திட்டு விழும்.

ஊற்றும் நேரம்

இது இருவர் வேலை. ஒருவர் கலக்க, மற்றவர் ஊற்ற வேண்டும். ஏனென்றால் கலந்த பிறகு கையில் இருப்பது 15 முதல் 20 நிமிடம்தான். கதவு ஜன்னல்களைச் சாத்தி, வெயில் நேரடியாகத் தரையில் படாமல் மறைத்துவிடுங்கள். காற்று அடித்தால் மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து வெடிக்கும். தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் இருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சுவரோரமெல்லாம் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டுங்கள். வாசலில் கலவை வழிந்து ஓடாமல் ஒரு சட்டம் வையுங்கள்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. மூட்டையில் எழுதிய அளவைக் குவளையால் அளந்து ஊற்ற வேண்டும், கண் மதிப்புக் கூடாது. மெதுவாகச் சுழலும் டிரில்லில் துடுப்பு மாட்டி, கட்டியில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்கினால், முதலில் கட்டியாகத் தெரிவது திடீரென்று தளர்ந்து தேன் போல ஆகும். அந்த மாற்றம் வரும் முன்பே "ரொம்பக் கெட்டியாக இருக்கிறதே" என்று இன்னும் ஒரு குவளை தண்ணீர் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கூடுதல் தண்ணீரில் மணல் கீழே இறங்கிவிடும், பாலிமரும் நுண்பொடியும் மேலே மிதந்துவிடும். காய்ந்ததும் மேற்பரப்பு வெளுத்து, சாக்பீஸ் மாதிரி விரலில் ஒட்டும். எந்தக் கான்கிரீட் பொருக்கை அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்து எடுத்தோமோ, அதையே நம் கையால் மறுபடி உண்டாக்கியது போலாகிவிடும்.

வாசலுக்கு எதிர்மூலையிலிருந்து தொடங்கி, பட்டை பட்டையாக ஊற்றிக்கொண்டே பின்னால் வாருங்கள். முந்தைய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது அதில் சேர வேண்டும். தானாகச் சமமாகும் என்று பெயர் இருந்தாலும் தண்ணீர் மாதிரி அறை முழுக்க ஓடிவிடாது. பல்சட்டத்தாலோ கரணையாலோ வேண்டிய கனத்துக்கு இழுத்துவிட்டால், கடைசி ஓரிரு மில்லிமீட்டரை அதுவே சரிசெய்துகொள்ளும். உடனே முள் உருளையை ஒருமுறை ஓட்டினால் சிக்கிய காற்று வெளியேறி, இரண்டு பட்டைகள் சேர்ந்த கோடும் மறையும். கலவை இறுகத் தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். ஒரு சின்னத் தழும்பை மறுநாள் தேய்த்துவிடலாம், இறுகும்போது கிளறியதைச் சரிசெய்யவே முடியாது.

மறுநாள் வெறுங்காலோடு அறைக்குள் நடந்து பாருங்கள். நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும், கருத்த திட்டு இருந்தால் அங்கே இன்னும் காயவில்லை. தடுப்புப் பூச்சின் மேல் போட்ட லெவலிங் மேல்பக்கமாக மட்டுமே காயும் என்பதால் கூடுதல் நேரம் எடுக்கும், கனமான இடங்களில் இன்னும் அதிகம். காய்ந்ததும் ஒரு நாணயத்தால் அடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். பிடித்திருக்கும் இடத்தில் கணீரென்று கெட்டியான ஒலி வரும். எங்கேயாவது காலி டப்பா மாதிரி டொக் டொக்கென்று கேட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்தப் பகுதியைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வெட்டி எடுத்து, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பசை டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகு.